இஸ்திரி அழித்த சுரம்

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இஸ்திரி என்றால்தான் தெரியும். பாட்டில் ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்துக் கொடுக்கிறார் என்று ஒரு டிரம்ஸ்காரர் கேலியாக வைத்த பெயர். இவர் கோபித்துக்கொள்ளவில்லை, பெருமைப்பட்டார். எனக்கு எரிச்சல் மூட்டியதே அந்தப் பெருமைதான்.

பக்கத்து அறையில் குரல் பதிவு செய்பவள் நான். பதினோரு வருடமாகக் கண்ணாடிச் சன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் வேலை மிடி திருத்துவது. கீபோர்டில் வாசிப்பதை மிடியாகப் பதிந்தால் கணினியில் சேர்வது ஓசை இல்லை; எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் பிடித்தார்கள் என்ற விவரம் மட்டும். திரையில் அவை சின்னச் சின்னப் பட்டைகளாகத் தெரியும். தாளத்துக்கு நெடுக்குக் கோடுகள் இருக்கும். முன்னே பின்னே நிற்கும் பட்டைகளை அவர் கோட்டில் கொண்டுவந்து நிறுத்துவார். தெரியாமல் கைபட்ட சுரங்களை அழிப்பார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சேமிப்பார். மின்சாரம் போய் ஒரு வார வேலை பாழானதிலிருந்து அந்தப் பழக்கம். மேசையில் பேனா கோணலாகக் கிடந்தால்கூட மனிதருக்கு வேலை ஓடாது.

அவருடைய அக்காவின் கணவர் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்தவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு, விரல்களுக்குப் பயிற்சியாகத் தன் சொந்த மெட்டு ஒன்றைத் தினமும் காலையில் கீபோர்டில் வாசித்துவந்தார். மூன்று நிமிடம் வரும். ஒருநாள் அதை மடிக்கணினியில் மிடியாகப் பதிந்தும் வைத்தார். போன மழைக்காலத்தில் இறந்துபோனார்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் ஓய்ந்த பிறகு, அக்கா அந்த மடிக்கணினியோடு கூடத்துக்கு வந்தார்.

"இத என் போன்ல கேக்குற மாதிரி போட்டுக் குடுடா. வேற ஒண்ணும் வேண்டாம்."

வேற ஒண்ணும் வேண்டாம் என்றது பக்கத்து அறையிலிருந்த என் காதில் விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் காதில் விழவில்லை. அக்கா கிளம்பியதும் அந்த மடிக்கணினியிலேயே பதிவைத் திறந்தார். பட்டைகள் கண்டபடி சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே பொத்தானில் கோட்டுக்கு இழுத்தார். அழுத்தங்களைச் சமன்செய்தார். கைபட்டவற்றை அழித்தார். சேமித்தார், அக்காவின் போனுக்குப் பாட்டாக அனுப்பினார், மூடினார்.

"மாமா வாசிச்சது. நாலு பேர் கேட்டா ஒரு குறை சொல்லக் கூடாதுல்ல" என்றார் என்னிடம். பாசத்தில் செய்ததுதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

மறுநாள் மதியமே அக்கா திரும்பி வந்தார்.

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இதுல உங்க மாமா இல்லயே."

இஸ்திரியின் முகம் வெளுத்துவிட்டது. மூடிய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. வேறு பிரதியும் கிடையாது. உலகத்தில் அந்த மனிதரின் கை மிச்சமிருந்த ஒரே இடத்தை இவர் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டார்.

"உங்கள யாரு அண்ணா தேய்க்கச் சொன்னா?" என்று கத்திவிட்டேன்.  அக்காதான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குக் காதுல இருக்குடா. நான் சொல்லச் சொல்ல நீ மாத்து."

மூன்று வாரம், தினமும் மதியம். ஒவ்வொரு பட்டையாகக் கோட்டிலிருந்து வெளியே தள்ளினார்கள். இத்தனை வருடம் நிமிர்த்தியவருக்குக் கோணலாக்கக் கை வரவில்லை. மயிரிழைதான் நகர்த்துவார்.

"இது மோதிர விரலு. அது எப்பவும் தயங்கித்தான் வரும். இன்னும் தள்ளு."

"இவ்ளோவா அக்கா?"

"இன்னும். தெனமும் அந்த விரலப் புடிச்சு நீவிவிட்டது நான்தானே, எனக்குத் தெரியாதா?"

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நானூறு பட்டைகளும் நகர்ந்தன. அது இறந்தவர் வாசித்ததா, இந்த அம்மாள் நினைவு வாசித்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்க மனம் வரவில்லை.

கடைசி நாள் என்னையும் கூப்பிட்டார்கள். மெட்டு தடுமாறித் தடுமாறி நடந்து முடிந்தது. அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுது அக்கா."

"இல்லடா. இன்னும் ஒரு சத்தம் வரணும். முடிச்சதும் கீழ்க்கட்டைல இடது கைய ஊனித்தான் எந்திரிக்கப் பாப்பார். தொம்முனு ஒண்ணு கேக்கும். அது கேட்டா நான் அடுப்ப அணைச்சுட்டு ஓடுவேன், தூக்கிவிட."

இஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். "கடைசில, கீழ ரெண்டு சுரம், சேந்தாப்பல இருந்துச்சு. கை பட்டதுன்னு நெனச்சு நான்தான் அழிச்சேன்."

கீழ்க்கட்டைகள் இரண்டை அவர் தன் இடது உள்ளங்கையாலேயே அழுத்திப் பதிந்தார். அதை எந்தக் கோட்டுக்கும் இழுக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். மூன்று நிமிடம் கழித்து அந்தச் சத்தம் வந்தது.

அக்கா சட்டென்று எழுந்து, கையை நீட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்துவிட்டார். சுவர் வந்ததும் நின்றார். நீட்டிய கையை இஸ்திரி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.