ஆத்தாயி அண்ணனைக் கூப்பிட்டது

என் அம்மா ஆத்தாயிக்கும் அவள் அண்ணன் மாதையனுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. காரணம் நான்தான். என்னை மாமன் மகனுக்குக் கொடுக்காமல், எங்கள் ஊர் பனமரத்துப்பட்டியிலேயே என் அத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். உரிமைப் பெண் கைவிட்டுப் போனால் தாய்மாமன் சும்மா இருப்பாரா? ஓமலூர்ப் பக்கம் அம்மா பிறந்த ஊரின் மாரியம்மன் கோயிலில், அண்ணனும் தங்கையும் கற்பூரம் ஏற்றி அதைக் கையால் அடித்து அணைத்தார்கள். "இனி உன்னோட பேசுனா எம்புள்ளைங்க வெளங்காது" என்று மாமன் சத்தியம் செய்தார். அம்மாவும் அதையே திருப்பிச் சொன்னாள். கோபம் இவர்களுடையது, தலை மட்டும் பிள்ளைகளுடையது. நல்ல புத்திசாலிகள்!

அந்தச் சத்தியத்தைத் திருப்ப வேண்டுமானால் இரண்டு பேரும் சேர்ந்து அதே இடத்தில் நின்று மறுபடி கற்பூரம் ஏற்ற வேண்டும். யார் முதலில் கூப்பிடுவது? எங்கள் வீட்டார் வீறாப்புக்குப் பேர் போனவர்கள். ஆனால் சத்தியத்திலும் ஒரு சந்து உண்டு. ஆளைப் பார்த்துத்தான் பேசக் கூடாது. ஆட்டுக்கோ சுவருக்கோ சொல்லலாம், காதில் விழுந்தால் விழட்டும். என் அப்பா இறந்தபோது மாமன் வந்து நின்று, "கட்டுத்தறியே, மனசெ உட்டுறாதேன்னு சொல்லு" என்று மாட்டுக் கட்டுத்தறியிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு அம்மா அழுதது அப்பாவுக்காக மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் அம்மாவின் நாக்கு ஓரத்தில் ஒரு புண் வந்தது. புகையிலையை அடக்கி அடக்கி வந்தது. மஞ்சள் வைத்தோம், வேண்டிக்கொண்டோம், ஆறு மாதத்தைக் கோட்டைவிட்டோம். கடைசியில் வண்டி கட்டிச் சேலத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த டாக்டரம்மா வெள்ளைக்காரி. தமிழைப் புத்தகத்தில் படித்தவள். ஒரு எழுத்து சிதறாது.

"இது புற்று. நாக்கில் முக்கால் பங்கை எடுக்க வேண்டும். உயிர் தங்கும். பேச்சு தங்காது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். குளோரோபாரம் நனைத்த துணியை முகத்தருகே கொண்டுவந்ததும், அம்மா அதைத் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மருந்துப் புட்டியைக் கீழே வைத்துவிட்டாள். வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "இப்படிப் பதறுகிற இருதயத்துக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் அது நின்றுவிடும். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று கேள். வெள்ளிக்கிழமைக்குமேல் தள்ள முடியாது."

சாவுக்குப் பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"சாவறதுக்கு என்ன மயிலு, எல்லாரும் ஒரு நாளைக்குப் போறதுதான்" என்றாள் அம்மா. "அண்ணான்னு ஒருக்கா கூப்புடோணும். நாக்கு போனப்பறம் எதெ வெச்சுக் கூப்புடறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பதினோரு வருஷம் முழு நாக்கை வாயில் வைத்துக்கொண்டு என்ன செய்தாளாம்? கேட்கவில்லை. ஓமலூருக்கு ஆள் அனுப்பினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மாமன் வந்தார். கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்று அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். முகம் கோணிவிட்டது. சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"செவுரே, கஞ்சி எறங்குதான்னு கேளு."

"செவுரே, எறங்குதுன்னு சொல்லு" என்றாள் அம்மா. அவளுக்கு நான்கு நாளாகத் தண்ணீரே சரியாக இறங்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்லீங்களா மாமா?" என்று கத்திவிட்டேன்.

"என்ற தலைக்குன்னாப் பரவால்ல சாமி. எம்பசங்க, நீயி, உன்ற தம்பி, அத்தனை பேரு தலைமேலயும் நிக்குதே" என்றார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள்.

ஒரு நாள் விட்டால் தங்கையை வண்டியில் கோயிலுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்துவிடுவதாக டாக்டரம்மாவிடம் கெஞ்சினார். "வண்டி குலுங்கினால் வாயில் இரத்தம் நிற்காது" என்று அவள் மறுத்துவிட்டாள்.

சாயங்காலம் நர்சம்மா வந்தாள். இனிமேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லி, அம்மாவின் புகையிலைச் சுருக்குப்பையையும் வாங்கிக்கொண்டாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"அந்த மருந்தெ மோந்தா வாயி ஒளறுமாங்க?"

"நல்லா ஒளறும். ஒருத்தரு ஏரோட்டுவாரு, ஒருத்தி மாமியாளெ வைவா. எந்திரிச்சா ஒண்ணும் நெனப்பிருக்காது."

"மயக்கத்துல பேசுனாச் சத்தியம் முறிஞ்சு போகுங்களா?"

நர்சம்மாவுக்கு விஷயம் தெரியாது. ஆனாலும் சிரித்துக்கொண்டே, "கெனாவுல சோறு தின்னா வெரதம் கெட்டுப்போகுமா?" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். மூன்று நாளாக இல்லாத தெளிவு அந்த முகத்தில் வந்திருந்தது. பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "செவுரே, நாளைக்கு அந்த ரூம்புச் சன்னலுகிட்ட வந்து நிக்கச் சொல்லு."

மறுநாள் காலையில் டாக்டரம்மா நாடி பார்த்துவிட்டு, "என்ன கொடுத்தாய் இவளுக்கு?" என்று என்னைக் கேட்டாள். "ஒண்ணும் குடுக்கலீங்க" என்றேன். எந்த மருந்தைத் தட்டிவிட்டாளோ, அதைத் தேடி அம்மா தானாகவே நடந்து உள்ளே போனாள்.

மாமனும் நானும் வெளியே சன்னலோரம் நின்றோம். திரை போட்டிருந்தது. தித்திப்பாக ஒரு வாசம் வந்தது. எண்ணச் சொன்னார்கள். அம்மா ஏழு வரைக்கும் எண்ணினாள். எட்டு வரவில்லை. அவ்வளவுதான், தூங்கிவிட்டாள், அத்தனையும் வீண் என்று நினைத்தேன்.

"அண்ணா..."

மாமன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, உட்டுட்டுப் போவாதே. இரு, நானும் வாரேன்."

கல்யாணமான பிறகு அம்மா அவரிடம் 'ங்க' போடாமல் பேசியதே இல்லை. அது ஆடு மேய்க்கப் போகிற அண்ணனுக்குப் பின்னால் ஓடுகிற சின்னப் பிள்ளையின் குரல். மயக்கம் அவளுக்குத்தான், மாமனுக்கு இல்லை. சத்தியம் அவரை அப்படியே கட்டித்தான் வைத்திருந்தது. பக்கத்திலேயே சுவர் இருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"வா அம்மிணி. இங்கதான் நிக்கறேன், வா" என்றார்.

அம்மா பிழைத்தாள். கண் தெளிந்ததும் தன் வாயைத் தொட்டுக் காட்டினாள், பிறகு சன்னலைக் காட்டினாள். கூப்பிட்டேனா என்று கேட்கிறாள். நர்சம்மா சொன்னது சரிதான், அவளுக்கு எதுவுமே நினைவில்லை. கூப்பிட்டாய் என்று நான் சொன்னதை நம்பாமல் மாமனைப் பார்த்தாள்.

"கூப்புட்ட அம்மிணி. எங்காதால கேட்டேன்" என்றார் அவர். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் நீர் வழிந்தது.

உடம்பு தேறியதும் இரண்டு பேரும் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிச் சத்தியத்தைத் திருப்பினார்கள். பிள்ளைகள் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா நான்கு வருஷம் இருந்தாள். வாயிலிருந்து 'ஆ' என்ற சத்தம் மட்டும் வரும். மாமன் வாரம் தவறாமல் வருவார். வாசலில் நின்று, "கூப்புட்டயா அம்மிணி? இதா வந்துட்டேன்" என்பார். அம்மா இல்லை இல்லை என்று தலையாட்டிச் சிரிப்பாள். கடைசி வருஷத்தில், ஆமாம் என்று ஆட்டினாள்.

அவள் போன அன்று, அவர் ஓமலூரிலிருந்து வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் நின்று, "கூப்புட்டயா அம்மிணி?" என்றுதான் கேட்டார். சுவரைப் பார்த்துக் கேட்டார்.