வராந்தாவில் ஒரு கடை இருந்தது

அந்தக் கட்டடம் இவ்வளவு அழகாக இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் பிழைப்பு தப்பித்திருக்கும். இப்படிச் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போர்ட் பிளேரில் துறைமுகத்துக்குப் போகிற இறக்கத்தில், விக்டோரியா ராணி காலத்தில் ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி வியாபாரத்துக்காகக் கட்டியது அது. கீழே செங்கல், மேலே அந்தமான் காட்டுப் படாக் மரம். முன்னால் நீள வராந்தா. அதில் வரிசையாக வார்ப்பு இரும்புத் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் இலையும் கொடியும். மாடி ஜன்னல்களில் பலகைகளைச் சாய்வாக அடுக்கியிருப்பார்கள். காற்று வரும், மழை வராது. அந்த வராந்தாவில் இரண்டு தூண்களுக்கு நடுவே பிளைவுட்டும் தகரமும் அடித்து என் மாமனார் போட்டதுதான் எங்கள் கடை. கயிறு, தார்ப்பாய், குடை, பூட்டு விற்றோம். ஹட் பே, கார் நிக்கோபார் மாதிரித் தீவுகளுக்குக் கப்பல் ஏறப் போகிறவர்களுக்குக் கடைசி நேரத்தில்தான் பெட்டியைக் கட்டக் கயிறு இல்லை என்பது ஞாபகம் வரும். ஓடுகிற ஓட்டத்தில் கண்ணில் படுகிற கடை எங்களுடையது. அந்த இடம்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

இவருக்கோ கடையில் பாதி மனசு, கட்டடத்தில் பாதி மனசு. மழை பிடித்தால் வியாபாரத்தை விட்டுவிட்டுத் தூணில் காதை வைத்துக்கொள்வார்.

"இங்க வாயேன், கேட்டுப் பாரு. கூரைத் தண்ணி பூரா தூணுக்குள்ள இறங்குது. வெளிய ஒரு குழாய் தெரியுதா? எப்படி யோசிச்சிருக்கான் பாரு!"

"அந்த ஹிந்திக்கார அம்மாவுக்கு ரெண்டு குடை வேணுமாம். அதை யோசிங்க நீங்க" என்பேன். காதில் விழவே விழாது.

பிறகு ஒருநாள், கட்டடத்தை வாங்கியவர் அதை இடித்து ஹோட்டல் கட்டப் போவதாகச் செய்தி வந்தது. பஜாரே கதிகலங்கியது. இடம் மாறிவிடலாம் என்று நான் சொன்னேன். "இந்த வராந்தாவை விட்டா நமக்கு ஏது வியாபாரம்?" என்று கத்தினார். அதிலிருந்து ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். இது பழைய கட்டடம், இதைத் தொடக்கூடாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் தமிழிலும் ஹிந்தியிலும் மாறி மாறிச் சொன்னார். நம்பினால் நம்புங்கள், கேட்டார்கள். பாதுகாக்க வேண்டிய கட்டடம், யாரும் இடிக்கக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. அன்றைக்குப் பஜார் முழுக்க லட்டு கொடுத்தார். தெலுங்குக்காரர் பழக்கடையிலும் பெங்காலி மீன்காரம்மாவிடமும் இவரே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பழுது பார்க்க மெயின்லேண்டிலிருந்து ஒரு குழு வந்தது. அதற்குத் தலைமை ஒரு சென்னைப் பெண். எங்கள் மகள் வயதுதான் இருக்கும். நல்ல பிள்ளை, இவரை "அங்கிள், அங்கிள்" என்று சுற்றிச் சுற்றி வந்தது. எது ஆதியில் கட்டியது, எது பின்னால் சேர்த்தது என்று பிரிக்க வேண்டுமாம். பின்னால் வந்ததில் சிவப்பு டேப் ஒட்ட வேண்டும். டேப்பும் எங்கள் கடையிலிருந்துதான் போயிற்று. இவர் கல்லாவை என்னிடம் விட்டுவிட்டு முன்னால் நடந்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கூட்டிப்போகிறவர் மாதிரி அப்படியொரு நடை.

"இந்தச் சுவர் அப்புறம் வந்ததும்மா, செங்கல் சின்னதா இருக்கு பாருங்க. இந்தக் கதவு பழசு. இந்தப் பரண் அப்புறம் அடிச்சது."

அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் ஒட்டிக்கொண்டே வந்தது. கடைசியில் எங்கள் கடை வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"அங்கிள், இந்த ரூம்?"

"இதுவா? இது எங்கப்பா அடிச்சதும்மா! அதுக்கு முந்தி இது திறந்த வராந்தா. கப்பல் சரக்கை இறக்கி இங்கதான் அடுக்குவாங்களாம். கீழ பாருங்க, தூணோட அடி நம்ம சிமெண்ட் மேடைக்குள்ள போயிருச்சு. தண்ணி வெளிய போற வாய் அதுக்குள்ளதான் இருக்கு."

அந்தப் பெண் ஒரு நிமிடம் தயங்கியது. பிறகு எங்கள் பலகையில் டேப்பை ஒட்டியது. இவர் இன்னும் சிரித்துக்கொண்டே நின்றார். பாவி மனுஷன், அடுத்த தூணைக் காட்ட அவசரம்.

சிவப்பு ஒட்டியதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று அந்த மாதமே சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் இவருக்கு உறைத்தது. "இதைக் காப்பாத்துனதே நான்தானே?" என்று அந்தப் பெண்ணிடம் போய் நின்றார். "ஆமா அங்கிள். உங்களாலதான் எங்களுக்கு எல்லாம் கரெக்டா தெரிஞ்சது" என்று சொல்லி அதுவும் கண் கலங்கியது. யாரை நான் திட்டுவது? மாமனார் அடித்த பலகைகளை ஒரே காலையில் பெயர்த்துப் போட்டார்கள்.

மரைன் ஹில் பக்கம் ஒரு சந்தில் எங்களுக்கு வேறு கடை கிடைத்தது. கப்பலுக்கு ஓடுகிறவன் எவன் மேடேறி வந்து கயிறு வாங்குவான்? பாதி நாள் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

போன மாதம் கட்டடத்தைத் திறந்து வைத்தார்கள். இவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னையும் வம்படியாக இழுத்துப் போயிருந்தார். நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன், வராந்தா அழகாகத்தான் இருந்தது. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தூண்கள், நடுவே ஒரு அடைப்பு கிடையாது, கடல் தெரிகிறது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

கூட்டம் கலைந்த நேரத்தில் ஹட் பே ஆள் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். பாமாயில் தோட்டத்தில் வேலை பார்த்தவர், எங்களிடம் பல வருஷமாகக் கயிறு வாங்கியவர். எங்களைக் கவனிக்காமல், இங்கே ஒரு கயிற்றுக் கடை இருந்ததே என்று வாட்ச்மேனிடம் ஹிந்தியில் கேட்டார்.

"பாயி, யஹாங் ஏக் ரஸ்ஸி கா துகான் தா நா?"

"துகான்? யஹாங் கபி துகான் தா ஹி நஹி" என்றான் அவன். இங்கே எந்தக் காலத்திலும் கடை இருந்ததே இல்லையாம். வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருக்குமா அவனுக்கு?

நான் சண்டைக்குப் போகக் கிளம்பிவிட்டேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆளைக் கூப்பிட்டு, "தம்பி, கடை மேல இருக்கு, வாங்க" என்றார். "ஐயோ அண்ணே, கப்பலு கெளம்பிரும்ண்ணே" என்று அவர் கீழே ஓடிவிட்டார்.

பொன்னாடையை மடித்தபடி இவர் கேட்டார்: "ஒரே ஒரு இடத்துல மட்டும் பொய் சொல்லியிருக்கலாமோ?"

வேறொரு நாளாக இருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். "உங்களுக்கு எங்க அதெல்லாம் வரும்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.