மழையின் மேல் பேசினேன்

ஒரு படத்தை நான் கொன்றேன். கையால் அல்ல, வாயால்.

உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்... ஊமைப்படக் காலத்தில், பினாங்குக் கொட்டகை ஒன்றில் திரையோரம் நின்று தமிழில் கதை சொன்னவன் நான். வெள்ளைக்காரி அழுதால், ஏன் அழுகிறாள் என்று நான்தான் சொல்ல வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அப்படித்தான் பிழைத்தேன்.

பிறகு பேசும்படக் கருவி வந்தது. திரையே பேசினால் எனக்கு என்ன வேலை?

அப்போது ஒரு சீமைப் படப் பெட்டியோடு சின்னச் சுருள் ஒன்றும் வந்து சேர்ந்தது. கதை இல்லை, ஆள் இல்லை. தகரக் கூரையில் மழை, துடுப்பு, கொல்லன் சம்மட்டி... நடுவில் திரை இருண்டு சத்தம் மட்டும்! படம் ஓட்டும் காதர் காலையில் எனக்கு மட்டும் போட்டுக் காட்டினான். இருட்டில் அந்த மழை என்னைச் சுற்றிப் பெய்தது. நனைந்துவிட்டேனோ என்று சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். அப்படி ஓர் அழகை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

காதர் முதலாளியிடம் கெஞ்சி ஒரு காட்சிக்கு அனுமதி வாங்கினான். சனங்களுக்குப் பிடித்தால் இதுபோல இன்னும் வரவழைப்பதாக முதலாளி சொன்னார்.

மாலைக் காட்சியில், திரையில் மழை தொடங்கியது. கொட்டகையில் ஒருவரும் அசையவில்லை. கச்சான் கடலை கொறிப்பவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். ஒருவராவது என் பக்கம் திரும்ப வேண்டுமே... இல்லை! இனி நான் எதற்கு?

வாயைத் திறந்தேன். மாமியார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, மாப்பிள்ளை பாயைச் சுருட்டுகிறான் என்று கதை அளந்தேன். ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். திரை இருண்டபோது விசில் பறந்தது. முதலாளி மறுநாளே சுருளைத் திருப்பி அனுப்பினார்.

காதர் கருவியறைக்குள் இருந்தவன். இயந்திர இரைச்சலில் அவனுக்குக் கேட்டது அந்தச் சிரிப்பு மட்டும்தான். சனங்கள் படத்தைக் கேலி செய்ததால்தான் நான் பேசினேன் என்று நினைத்துக்கொண்டான். சூலியா தெருவில் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

“சனங்க எழுந்து போயிடாம நீங்கதாண்ணே காப்பாத்துனீங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன்லா.”

ஆமாம் என்றேன். அடப்பாவி, ஆமாம் என்றேனே!

இத்தனை வருடம் மறைத்து வைத்ததை இப்போது கொட்டிவிட்டேன். சொன்னதும் எவ்வளவு லேசாக இருக்கிறது! வெளியே நல்ல மழை. வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

நாளைக்கும் காதரைப் பார்ப்பேன். அவன் அப்படி இன்னொரு படம் கேட்கவேயில்லை. அன்று கொட்டகையே மூச்சுவிடாமல் அவன் மழையைக் கேட்டது... அது இன்னும் அவனுக்குத் தெரியாது.