வம்ச மரத்தடியில் குத்துவிளக்கு

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தின் ஆற்றங்கரை வரலாற்றை எழுதத் துணிந்த நான், அந்த ஆற்றுத் தண்ணீரில் கால்கூட நனைத்ததில்லை. கொழும்பில் வளர்ந்தவன். வன்னியில் அப்பாவின் ஊருக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டும் கோடை, ஆறு வெறும் மணல்.

இந்தக் கிறுக்கைக் கிளப்பிவிட்டவள் மெல்பேர்னில் என்னோடு வேலை செய்த ஒரு கனடாக்காரி. அக்கேடியர் என்ற பிரெஞ்சுக் குடியானவர்களின் வழி வந்தவள். ஆற்றோரச் சதுப்பில் அணை கட்டிப் பயிர் செய்தவர்களை ஆங்கிலேயர் கப்பலில் ஏற்றித் துரத்த, மிஞ்சியவர்கள் இன்னொரு ஆற்றங்கரையில் போய்க் குந்தினார்களாம். மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் தன் வம்ச மரத்தை விரித்தாள். பத்துத் தலைமுறைக்கும் ஒரே குடும்பப் பெயர். எனக்குப் பொறாமையில் சோறு இறங்கவில்லை. எங்கள் நாட்டில் போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. துரத்தப்படுவதில் நாங்கள் என்ன குறைந்தவர்களா?

நானும் மரம் போட உட்கார்ந்தேன். கணினி முதல் கேள்வியிலேயே மறித்தது: குடும்பப் பெயர்? எங்களுக்கு அப்பாவின் பெயர்தான் கடைசிப் பெயர். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அவள் பெயரைத் தட்டினால் ஓர் ஊரே எழுந்து வந்தது. நான் தட்டினால் அப்பா மட்டும் வந்தார். மச்சாளை மச்சான் கட்டிய வழக்கத்தில் என் மரம் கிளை விடாமல் மீன்வலையாகப் பின்னிக்கொண்டது. ரொறொன்ரோச் சித்தப்பா சொன்னதை லண்டன் பெரியப்பா மறுத்தார். எனக்கு வேறு வேலையில்லை என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

கடைசியில் கைகொடுத்தவை கல்வெட்டுகள். கல்லைத் தேட வேண்டாம். செத்தவீட்டின் முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு எங்களிடம் அதுதான் பெயர். ஊர்ப் பெருமை, ஆற்று வளம், வம்சம் எல்லாம் அதில் இருக்கும். யாராவது செத்தால்தான் நாங்கள் வரலாறு எழுதுவோம்.

அவற்றையும் குடும்பப் படங்களையும் கல்வெட்டு அடிக்கும் அச்சகக்காரரிடம் கொடுத்து, இதேபோல வடிவாக ஒரு பெரிய தாளில் மரம் போடச் சொன்னேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் சுருட்டித் தந்ததை விரித்துப் பார்க்காமலே சிட்னிக்குப் போய்விட்டேன்.

அங்கே லிட்கம் பகுதியில் அப்பாவின் தங்கை இருக்கிறார், என் மாமி. கடைசிச் சண்டையில் காணாமல் போன மகனுக்காகக் காத்திருப்பவர். அவனுக்குத் தெரிந்த இலக்கம் என்பதால் வீட்டுத் தொலைபேசியை மாற்ற எவரையும் விடமாட்டார். அவருக்கு முன்னால்தான் தாளைப் பெருமையோடு விரித்தேன்.

அச்சகக்காரர் கல்வெட்டில் செத்தவர்களுக்கு வழக்கமாகச் செய்வதையே செய்திருந்தார். எல்லோருக்கும் முட்டை வடிவச் சட்டம், சுற்றி மலர்மாலை, கீழே எரியும் குத்துவிளக்கு. எனக்கும் அப்படியே. போன மாதம் பிறந்த மாமியின் பேத்திக்கும் அப்படியே.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் படத்தைத் தேடிப் பிடித்தார். “என்ன மருமோன், என்னையும் எரிச்சுப் போட்டியோ?”

எல்லோரும் சிரித்தார்கள். மாமியின் விரல் மகனின் படத்தில் நின்றது.

“இவனுக்கு ஆர் விளக்குக் கொளுத்தச் சொன்னது?”

அச்சகக்காரரைத் திட்டினேன், மாற்றி அடித்துத் தருவதாகச் சொன்னேன். மாமி எழுந்தார். குசினிக்குள் போய்க் கத்தரிக்கோலோடு வந்தார். மாலையின் ஓர் இதழ்கூட ஒட்டாமல், விளக்கின் சுடர் படாமல், முகத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். இத்தனை மாதம் நான் மாரடித்த மரத்தின் நடுவில் ஓட்டை விழுந்தது.

சாப்பாடு தந்தார்கள். போயிட்டு வாறன் என்று நான் கிளம்பியபோது மாமி தாளைச் சுருட்டிக்கொண்டு வாசல்வரை வந்தார்.

“இதைக் கொண்டு போ, தம்பி. மிச்சமெல்லாம் இருக்குதோ இல்லையோ எண்டு எங்களுக்குத் தெரிஞ்ச சனம்தானே.”