வடகடல் பக்கம்

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படிக்காமல் போகலாம். இது நடந்தது பட்டப்பகலில், நல்ல உச்சி வெயிலில். நடந்தது நிஜம். வெயிலில் மண்டை காய்ந்துபோய் உளறுகிறான் என்று நீங்கள் சொல்லலாம். மெக்கானிக் மலையாண்டியும் முதலில் அதைத்தான் சொன்னார். அவர் சொன்ன வார்த்தையை இங்கே அச்சில் போட முடியாது.

ஐம்பத்தேழாம் வருஷம், பங்குனி மாதம். ராமநாதபுரத்தில் மலையாண்டிக்கு ஒரு மோட்டார் பட்டறை இருந்தது. திருவாடானைப் பக்கத்து ஆள். கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. பட்டறைக்கு வருகிற வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அதை ஓட்டி வந்தவனை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் தொடுவார். அந்த வாரம் பூராவும் திட்டு வாங்கியவன் சூசைமுத்து.

சூசைமுத்து தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பையன். கடலை விட்டுவிட்டு, மண்டபத்துச் சங்கு வியாபாரி ஹமீது சுல்தானின் கறுப்பு பிளசர் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை, மூன்றாவது தடவையாக அதே காரை, அதே புகாரோடு கொண்டுவந்து நிறுத்தினான்.

“அண்ணே, இன்னும் ஆடுதுண்ணே.”

மலையாண்டி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டார். போட்டார் என்ன, எறிந்தார்.

“என்னலே ஆடுது? சக்கரத்தக் கழட்டித் தொங்க விட்டு, எந்தப் பக்கம் கனமா கீழ வந்து நிக்குதுன்னு பாத்து, எதிர்ப்பக்கம் ஈயம் அடிச்சேனா இல்லையா? ஒரு தடவைக்கு ரெண்டு தடவ அடிச்சேனா இல்லையா?”

“அடிச்சீகண்ணே.”

“பெறகு எங்கிட்டுலே ஆடும்?”

சூசைமுத்து குனிந்து ஸ்பானரை எடுத்து நீட்டினான். அவன் நிலைமை அவனுக்கு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது வண்டி ஒழுங்காக இல்லையென்றால் சாவியை வைத்துவிட்டுப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். சாவியை வைத்தால் அவனுக்குத் தெரிந்த வேறு தொழில் கடல் ஒன்றுதான். அதற்கு அவன் பெண்டாட்டி யாகப்பம்மாள் விடமாட்டாள். ரெண்டு வருஷத்துக்கு முந்தின கார்த்திகைப் புயலில் அவனுடைய அய்யா, சித்தப்பா, மச்சினன் என்று கரையில் ஒரே கரைவலைக் கயிற்றைப் பிடித்து நின்றவர்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். இவன் அன்றைக்கு டிரைவிங் பழகப் போயிருந்ததால் தப்பினான். இனிக் கடலில் கால் வைத்தால் தாலியைக் கழற்றி மாதா காலடியில் வைத்துவிட்டுத்தான் போகணும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

மலையாண்டிக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் எரிச்சல். காரைத் தானே எடுத்துக்கொண்டு பரமக்குடி ரோட்டில் நாற்பது மைல் வேகத்தில் விட்டுப் பார்த்தார். ஸ்டியரிங் குழந்தை மாதிரி தூங்கியது. திரும்பி வந்து, டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அதுவும் இல்லை.

“ஏலே, இங்கன வா. ஒழுங்கா சொல்லு. ஆடுறப்ப ஸ்டியரிங் கையில கிடுகிடுன்னு குலுங்குதா?”

“இல்லண்ணே.”

“வேகமாப் போனாத்தான வருது?”

“மெள்ளப் போனாலும் வருது.”

“ஒரு பக்கமா ஓடப் பாக்குதா?”

சூசைமுத்து தலையைக் குனிந்துகொண்டு நெஞ்சில் சிலுவை போட்டான். “ஆமாண்ணே.”

“அடப் பாவி! அதுக்குப் பேரு ஆடுறதாலே? அதுக்குப் பேரு இழுக்குறது! ஆட்டம்னா சக்கரத்து எடை சரியில்ல. இழுப்புன்னா சக்கரம் நிக்கிற நிப்பு சரியில்ல. அது வேற வேல, இது வேற வேல. வயித்துவலிக்காரன் தலவலின்னு சொன்னா வைத்தியன் என்னத்தப் பண்ணுவான்?”

“அந்த வார்த்தைய எங்க வீட்ல சொல்றதில்லண்ணே.”

“எந்த வார்த்தைய?”

“அதான்... நீங்க சொன்னது. புயலுக்கு முந்தின நாள் எங்க அய்யா சொன்னாரு, கடலு இன்னைக்கு ஆள இழுக்குதுன்னு. சொன்ன மறுநாளு எல்லாரும் போய்ட்டாக.”

மலையாண்டி வாயைத் திறந்தார். அதிசயமாக, வந்த வசவை விழுங்கிக்கொண்டார்.

“சரி, எந்தப் பக்கம் போகுது?”

“வடகடப் பக்கம்ணே.”

மண்டபத்துக்காரர்கள் வழி சொல்கிற லட்சணம் இது. ரெண்டு பக்கமும் கடல் இருப்பதால் எதற்கெடுத்தாலும் வடகடல், தென்கடல். மண்டபத்துக்குப் போகும்போது வடகடல் இடது கைப்பக்கம். அப்படியென்றால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. மலையாண்டி முன் சக்கரம் ரெண்டுக்கும் நூல் பிடித்து, முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுத்து, ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற டை ராடைத் திருகி நேராக்கி அனுப்பினார். பிடித்த சனி விட்டது என்று நினைத்தார்.

புதன்கிழமை காலையில் கறுப்புக் கார் மறுபடியும் வாசலில் நின்றது.

“எந்தப் பக்கம்லே?” குரலே மாறிவிட்டது அவருக்கு.

“வடகடப் பக்கம்தாண்ணே.”

“கடலப் பத்தி எவன்லே கேட்டான்? கையத் தூக்கிக் காட்டுலே, கைய!”

சூசைமுத்து வலது கையைத் தூக்கினான்.

“நேத்து எடது. இன்னைக்கு வலதா?”

“வாரப்ப வலது கைதானண்ணே. போறப்ப இந்தக் கை, வாரப்ப இந்தக் கை. எப்பயும் வடகடப் பக்கம்தான் போகுது. அதுவும் பிரப்பன்வலசகிட்ட மட்டும். உச்சிப் பொழுதுக்கு ரொம்ப சாஸ்தி.”

மலையாண்டி அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். சாராய வாடை இல்லை.

“வண்டிக்கு வலது எடதுதாம்லே தெரியும், வடக்கு தெக்கு தெரியாது! நிப்பு கெட்ட வண்டி போறப்பயும் எடதுதான், வாரப்பயும் எடதுதான். நடுரோடு மேடா இருந்து சரிஞ்சாலும், எடதோரம் போற வண்டி எடதோரமாத்தான் சரியும். காத்து தள்ளுதுன்னா...”

பகலில் காற்று கடலிலிருந்து வரும்; தள்ளினால் வண்டியைக் கடலை விட்டுத் தள்ள வேண்டும். கடலைப் பார்த்து எப்படித் தள்ளும்? அன்றைக்கு முழுக்க இதையே நினைத்து நினைத்து, வேறு ரெண்டு வண்டிக்காரர்களைக் காரணமில்லாமல் திட்டினார். ராத்திரி சோறு இறங்கவில்லை. தன் கையால் நூல் பிடித்த வண்டி கோணப் போகிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை அவரே காரில் ஏறி, சூசைமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஓட்டு. நானே பாக்குறேன் உங்க வடகடல.”

உச்சிப்புளி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மலையாண்டி சொல்லி, சூசைமுத்து ரெண்டு கையையும் எடுத்துவிட்டுக்கூட ஓட்டிப் பார்த்தான். கார் நூல் பிடித்த மாதிரி போனது.

“பாத்தியா? பாத்தியாலே?” என்றார் மலையாண்டி.

பிரப்பன்வலசை நெருங்கியது. பனைமரங்களுக்கு நடுவே இடது பக்கம் கடல் தெரிந்தது. அலை இல்லை. காற்று இல்லை. பனையோலை அசையவில்லை. மலையாண்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம்.

சூசைமுத்துவின் முழங்கையில் நரம்பு புடைத்தது.

“வந்துருச்சுண்ணே.”

ஸ்டியரிங்கை அவன் வலது பக்கம் பாதிச் சுற்றுத் திருப்பிப் பிடித்திருந்தான். கார் நேராகப் போனது. அவ்வளவு திருப்பினால் வலது பக்கத்துப் பள்ளத்தில் அல்லவா பாய வேண்டும்?

மலையாண்டி எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார். நிப்பு கெட்ட வண்டியின் இழுப்பு அவருக்குத் தெரியும். அது ஒரே சீராக இருக்கும். இது அப்படி இல்லை. ஒரு இழு... ஒரு நிறுத்தம். ஒரு இழு... ஒரு நிறுத்தம்.

“எஞ்சின நிறுத்துலே!”

சூசைமுத்து நிறுத்தினான். பிரேக்கையும் போட்டான். கார் நின்றது.

அப்புறம் நகர்ந்தது.

எஞ்சின் ஓடாமல், பிரேக் போட்ட கார், ரோட்டை விட்டு இடது பக்கம் மணலில் இறங்கியது. சர்ர்ர்... நின்றது. சர்ர்ர்... நின்றது.

சக்கரம் சுற்றவில்லை. சக்கரத்தோடு மணல் அரைபட்டது.

“ஏலே... யாருலே முன்னால?”

முன்னால் யாரும் இல்லை. வெயில் மட்டும்தான்.

ஆனால் மணலில்...

மணலில் குதிகால் விழுந்தது. ஒரு சோடி. அதற்கு அப்பால் ஒரு சோடி. அதற்கும் அப்பால். குதிகால் ஆழமாக, விரல் மேலாக. பின்னோக்கி வைத்துப் போகிற கால். கடல் பக்கமாகப் பின்வாங்குகிற கால்.

மூச்சுச் சத்தம் கேட்டது. பல பேருடைய மூச்சு, ஒரே தாளத்தில். ஹே... லா... ஹே... லா...

“வலை இழுக்குறாகண்ணே.” சூசைமுத்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டான். கண்ணில் நீர் ஓடியது. “எங்க அய்யா காலுண்ணே அது. முன்னால நிக்கிறது.”

அவன் கதவைத் திறந்தான்.

“எங்கலே போற?”

“ஒரு ஆளு கொறையுதுண்ணே. நாந்தான் கொறையுறேன்.”

ஒரு காலை மணலில் வைத்துவிட்டான். மலையாண்டி பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அவன் உடம்பும் இழுபட்டது. ஹே... லா... அவரையும் சேர்த்து இழுத்தது.

பயம்தான். ஆனால் அந்த வாரம் பூரா அடக்கிவைத்த ஆத்திரம் பயத்துக்கு முன்னால் வாய்க்கு வந்துவிட்டது. தொண்டை கிழியக் கத்தினார்.

“ஏண்டா! ஈயம் அடிச்சு, நூலு புடிச்சு, நாலு நாளா எம் மண்டைய ஒடைச்சுக்கிட்டேனேடா! பொண்டாட்டிக்காரனப் போட்டு எதுக்குடா இழுக்குறீக? ஆளுதான வேணும்? தெம்பிருந்தா என்னைய இழுங்கடா பாப்போம்!”

மூச்சுச் சத்தம் நின்றது.

பனையோலை ஒன்று சலசலத்தது. குதிகால் தடத்தின் மேல் மணல் மெல்லச் சரிந்தது. சூசைமுத்துவின் உடம்பு துணி மாதிரி துவண்டு அவர் மேல் விழுந்தது.

அவ்வளவுதான். காரைத் தள்ளி ரோட்டில் ஏற்றி, மண்டபம் வரை போய்த் திரும்பினார்கள். போகும்போதும் நேர். வரும்போதும் நேர்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஹமீது சுல்தான் தானே ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, “மாஷா அல்லாஹ், தண்ணியில போற மாதிரி போகுதே” என்றாராம். சாவி சூசைமுத்துவிடமே இருந்தது. மலையாண்டி நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. என்ன கோளாறு என்று கேட்டவர்களிடம் “டை ராடு” என்று சொல்லி வாயை அடைத்தார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், சூசைமுத்துவும் யாகப்பம்மாளும் ஒரு பை நிறையக் கருவாட்டோடு பட்டறைக்கு வந்தார்கள். மலையாண்டி மெலிந்திருந்தார். கண்ணடியில் கறுப்பு.

“என்னண்ணே ஒடம்புக்கு?”

“அட போடா. மத்தியானம் ஆனா தூக்கம் அப்படி ஒரு தூக்கம். எந்திரிச்சா மூட்டை தூக்கின மாதிரி தோளு ரெண்டும் விட்டுப்போகுது. வைத்தியரப் பாத்தேன். சூடுங்கிறான். என்ன எண்ணெய தேச்சும் ஒரு மண்ணும் கேக்கல.”

யாகப்பம்மாள் கருவாட்டை வைத்துவிட்டுச் சந்தோஷமாகப் பேச ஆரம்பித்தாள். “சவேரியார் மாமா வலையில இப்ப நல்ல மீன்பாடுண்ணே. பிரப்பன்வலசயில எங்க மாமனாரு நின்ன அதே கரைதான். புயலுக்கப்பறம் அங்கன வலை போட்டா நேரா வந்ததே இல்ல. ரெண்டு கயித்துலயும் சமமா ஆளு நின்னாலும் வலை ஒரு பக்கமா கோணிக்கிட்டுத்தான் கரையேறும். மீனு பூரா போயிரும். இப்ப யாரு புண்ணியமோ, சொல்லி வச்ச மாதிரி நேரா வருதாம்.”

“எப்ப இருந்து?”

“பங்குனியில இருந்துண்ணே. அதுவும் உச்சிப் பொழுதுல போடுற வலை மட்டும்.”

மலையாண்டி டீ கிளாஸை எடுத்தார். சூசைமுத்து அந்தக் கையையே பார்த்தான். சட்டென்று பிடித்து விரித்தான். உள்ளங்கையின் குறுக்கே, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, பெருவிரல் கனத்துக்கு ஒரு காய்ப்பு. மறு கையிலும் அதே இடத்தில்.

“ஸ்பானர் காய்ப்புலே” என்றார் மலையாண்டி.

“இல்லண்ணே.” சூசைமுத்து பிடியை விடவில்லை. “இது வலைக்கயிறுண்ணே. எங்க அய்யா கையி இப்படித்தான் இருக்கும்.”

“போடா கூறுகெட்டவனே! நான் கடல்ல காலு கூட நனைச்சதில்லையேடா!”

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

மலையாண்டி கையை உதறிவிட்டு எழுந்தார். எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

“ஏலே சூசை... கண்ணு சொக்குதுடா. என்னையத் தூங்க விடாதலே... ஏதாவது பேசிக்கிட்டே இரு...”