நெல் மூட்டைமேல் போன போர்வை

காலை ஒன்பதே காலுக்குக் கொடி வெறுமையாகக் கிடந்தது. விடிந்ததும் வெயிலை நம்பி நான் உலர்த்தியிருந்த அத்தையின் போர்வையைக் காணவில்லை. பதினொரு மணிக்கு மகளும் பேத்தியும் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள்.

குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குழந்தை. அந்த நாட்களில் போன் அடித்தால் சாமி படத்தைத் தொட்டுவிட்டுத்தான் எடுப்பேன், இப்போதும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் பிறந்த குழந்தைகள் வீட்டுக்குள் வந்ததும் முதலில் படுப்பது அந்தப் போர்வையில்தான். அதற்காகவே அத்தையிடம் வாங்கி வந்திருந்தேன். படித்தவள்தான் நான். ஆனாலும் இந்தக் குழந்தைக்கு ஒன்றுகூடக் குறையக் கூடாது என்றிருந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை, பக்கத்து அனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டில், தெருவில் எது நடந்தாலும் அதிலிருந்து ஒரு துண்டுத் துணி வெட்டிப் போர்வையில் சேர்த்துவிடுவார். நல்லது கெட்டது பார்க்கமாட்டார். எதிர்வீட்டு நைனார் மகளின் கல்யாணப் பட்டுக்குப் பக்கத்திலேயே, சினிமாவில் சேரச் சென்னைக்கு ஓடி மூன்றாம் நாளே திரும்பிய சித்தப்பாவின் லுங்கி இருக்கும். கோட்டை மலைப் படியில் குரங்கு இழுத்துக் கிழித்த என் தாவணிக்கு நடு இடம். விருந்தாளி வந்தால் விரித்துவைத்து, துண்டு துண்டாக விரல் வைத்துக் கதை சொல்வார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் முதலில் கேட்டது குரங்குக் கதையைத்தான். அந்தத் துண்டை மட்டும் பிரித்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"கொரங்கு இழுக்கும்போது சும்மா இருந்துட்டு, இப்ப என்கிட்ட வந்து வெக்கப்படுறியா?" என்றார்.

சற்று முன் நெல் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போன கணவரைப் போனில் பிடித்தேன்.

"தூறல் போட்டுச்சி, தார்ப்பாய் பத்தல. கொடியில கெடந்த பழந்துணிய மூட்ட மேல போத்தினேன். அதுக்கு இன்னா இப்போ?"

"அது அத்த போர்வைங்க!"

அவர் குரல் தாழ்ந்தது. "வரிசையில நிக்கிறேன், உட்டுட்டு வர முடியாது. அத்தகிட்ட மட்டும் சொல்லிடாத."

வீட்டிலிருந்த மற்ற போர்வைகளை விரித்துப் பார்த்தேன். எல்லாம் கடையில் வாங்கியவை; ஒன்றிலும் யாரும் இல்லை.

ஆட்டோ வந்து நின்றது. மகள் குழந்தையோடு வாசலிலேயே நின்று, "போர்வ எங்கம்மா?" என்றாள். நான் ஆரத்தித் தட்டைச் சுற்ற ஆரம்பித்தேன்.

அப்போது தெருமுனையில் அத்தை தெரிந்தார், கையில் பிதுங்கும் கட்டைப்பையோடு. அவர் வந்த பஸ் நெல் வண்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒரு மூட்டைமேல் என் தாவணித் துண்டு நனைந்துகொண்டிருந்ததாம். இறங்கிப் போர்வையை உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டார்.

போர்வையெங்கும் ஈரம், அரிக்கும் நெல் சுணை. குழந்தையைப் போட முடியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை கைகால் கழுவிவிட்டுக் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

"ஏன்டி அழுவுற? அதுல பாதி என் பொடவதான். இது இன்னும் வெட்டாத பொடவ. இதுல படுக்கட்டும் பாப்பா."

மடியில் கிடத்தியதும் குழந்தை கொட்டாவி விட்டது. அத்தை இடுப்பிலிருந்து ஒரு சாக்குத் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உன் வூட்டுக்காரரு மூட்ட வாயில அறுத்தது. ஊசி நூல் எடு. கொரங்கு பக்கத்துலயே வச்சித் தைக்கலாம்."