ஐந்தாம் மாடியில் சுவரை உடைத்த அன்று

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "வேலையத்த பேச்சு" என்று எழுந்து போகிற ஆள் நான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாமிக்குக் கிடா வெட்டுகிற நாளில்கூடக் கறிக்காகத்தான் போவேன். நீங்கள் உள்ளுக்குள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

பதுளை டவுனில் அந்த ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் எழுந்தபோது நான் மீசை அரும்பிய மேசன். கொழும்புக்காரனுக்கு அது ஒரு கட்டடமே இல்லை, எங்களுக்கோ வானத்தில் முட்டுகிற உயரம். ஓடு கிடையாது, வளைவு கிடையாது, பூவேலை கிடையாது, எல்லாம் கொங்கிரீட்டும் நேர்கோடும்தான். படம் வரைந்தவர் வெயிலுக்குப் பயந்தவர் போலிருக்கிறது. மேற்குப் பக்கம் முழுக்க, சாய்வாக ஓட்டை வைத்த கொங்கிரீட் கற்களை அடுக்கிச் சுவராக்கச் சொல்லிவிட்டார். வெளிச்சம் வரும், வெளியே எதுவும் தெரியாது. மழைக்காலத்தில் சூரியனைத் தேட வேண்டிய ஊரில் வெயிலுக்கு ஒரு சுவர்.

எனக்கு அந்தச் சுவர்மேல் இருந்த கோபம் வேறு. அந்தப் பக்கத்து எதிர் மலையில்தான் மாமா குடியிருந்த லயம், தோட்டக்காரர்களின் வரிசை வீடு. மாமா மகள் புஷ்பம், எனக்கென்று சின்ன வயதிலேயே பேசி வைத்த பெண். லயத்தை ஒட்டிய கொய்யா மரத்தில் அவளுடைய மஞ்சள் தாவணி தொங்கினால், சாயங்காலம் கடைவீதிக்கு வருகிறாள் என்று அர்த்தம். பார்த்துவிட்டேன் என்பதற்கு நான் கட்டடத்துச் சாரக் கம்பில் என் தோள் துவாயைக் கட்டுவேன். ஐந்தாம் மாடிச் சுவரை நானே என் கையால் அடைத்தேன், அத்தோடு தாவணியும் போயிற்று.

கொஞ்ச நாளில் அவளும் போய்விட்டாள். மாமா குடும்பத்துக்குக் குடியுரிமை இந்தியா என்று வந்தது, எங்களுக்கு இலங்கை. ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களை எவனோ கோடு போட்டுப் பிரித்தான். பதுளை ஸ்டேஷனில் அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர். எல்லோரும் ஒப்பாரி வைக்க, இவள் மட்டும் ஜன்னல் வழியாக என்னைக் கேலி செய்தாள்.

"சுவத்த அடைச்சுட்டீங்களே மச்சான், இனிமே தாவணி போட்டா எப்படித் தெரியும்?"

"நீ வா, நான் ஒடைச்சிடுறேன்."

"ஒடைங்க, வாரேன்."

அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் வெட்கத்தை விட்டு விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. லயத்தையும் இடித்துத் தேயிலை நட்டுவிட்டார்கள்.

வருஷங்கள் ஓடின. அந்த ஓட்டைச் சுவரில் மழைத்தண்ணீர் இறங்கி, கம்பி துருப்பிடித்து, உள்ளே பைல்கட்டெல்லாம் பூஞ்சணம் பிடித்தது. கட்டடத்தைப் புதுப்பிக்க வந்த இளம் எஞ்சினியர், "இவ்வளவு அழகான மலையை ஏன் மறைச்சாங்க? சுவரை எடுத்துட்டுக் கண்ணாடி போடுவோம்" என்றார். அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வெற்றிலை மாற்றுவதாக ஏற்பாடு. அம்மா பார்த்த பெண். எத்தனை காலம்தான் அம்மாவை அழவைப்பது, சரி என்று தலையாட்டியிருந்தேன்.

ஐந்தாம் மாடியில் நானும் நஸீரும் சுவரை உடைத்தோம். நஸீர் பண்டாரவளைப் பையன், வேலைக்குப் புதிது, என் கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. பட்டப்பகல், பளிச்சென்ற வெயில். கற்கள் விழுந்து திறந்ததும் மலை தெரிந்தது. மலையில் அதே இடத்தில் மஞ்சளாக ஒன்று ஆடியது.

"நஸீர், அங்க என்னமோ மஞ்சளா தெரியுதா?"

"ஆமாண்ணே. துணி காயுது."

சுத்தியலைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. அங்கே இடுப்புயரத் தேயிலையும், கொய்யா மரத்தின் அடிக்கட்டையும்தான் இருந்தன. துணி இல்லை, ஆள் இல்லை. "புஷ்பம்" என்று ஒரு தரம் கூப்பிட்டேன், வெட்கமாகிவிட்டது.

திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தேன். வேலை நடக்கும்போது அதை அங்கிருந்து நான் பார்த்ததே இல்லை, நான்தான் எப்போதும் அதன்மேல் நின்றேனே. ஆட்கள் விரல் நுனி அளவுதான் இருந்தார்கள். அந்தக் காலத்தில் இத்தனை பேரில் என்னை எப்படிக் கண்டுபிடித்தாள்? எத்தனை நேரம் இங்கே நின்றிருப்பாள்? நின்ற இடத்திலேயே அழுதேன். உடைந்த சுவரிலிருந்து நஸீர் கையை ஆட்டினான். நானும் துவாயை ஆட்டிவிட்டு இறங்கினேன்.

நான் மேலே வந்ததும் நஸீர் பல்லைக் காட்டினான். "என்னண்ணே, அண்ணிய எங்களுக்கெல்லாம் காட்டாம ஒளிச்சு வச்சிருக்கீங்க."

"யாரச் சொல்ற?"

"உங்க பக்கத்துல மஞ்சத் தாவணியோட நின்ன புள்ளயத்தான். நான் கை காட்டுறேன், நீங்க மட்டும் காட்டுறீங்க. அது எங்க பக்கம் திரும்பவே இல்ல. உங்களையே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

நான் கட்டடத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தரம் பக்கத்தில் திரும்பியிருந்தால் போதும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் போய் நின்றேன், தேயிலைதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் வெற்றிலை மாற்றவில்லை. அம்மா நெடுநாள் என்னோடு பேசவில்லை, பிறகு விதி என்று விட்டுவிட்டார்.

செத்தவர்கள்தான் அப்படி வருவார்கள் என்கிறார்கள். அன்றிலிருந்து புஷ்பத்தைப் பற்றி நான் யாரிடமும் விசாரிப்பதில்லை. போன வருஷம் நீலகிரிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "உங்க மாமா மகள எனக்கு நல்லாத் தெரியுங்க" என்று ஆரம்பித்தார். அவர் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழுந்துவிட்டேன். அவர் எழுந்து போகும்வரை அடுப்படியிலேயே, கொதித்த தண்ணீரை மறுபடி கொதிக்க வைத்துக்கொண்டு நின்றேன்.